சமாதி யாருக்குச் சாட்சி?

தமிழ்நாட்டின் புன்செய் ஊர்களில் கிணற்று மேட்டை ஒட்டியோ, தோட்டத்தின் வரப்போரத்திலோ, இப்போதெல்லாம் தார்ச்சாலையைப் பார்த்தபடியோ ஒரு சமாதி இருக்கும். முழங்கால் உயரத்துக்கு மேடை, நான்கு தூண், மேலே கான்கிரீட் தட்டு. கையில் காசிருந்தால் டைல்ஸ். தலைமாட்டில் கறுப்புக் கிரானைட்டில் முகத்தைப் பொறித்திருப்பார்கள். கீழே பெயர், தோற்றம், மறைவு. பிறந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் இல்லாத தலைமுறை என்றால் தோற்றத்தில் பெரும்பாலும் ஜூன் மாதத் தேதி ஒன்று நிற்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் உத்தேசமாகப் போட்டுக்கொண்ட தேதி அது. அதற்கும் கீழே ‘இவண்’ என்று தொடங்கி மகன்கள், மருமகள்கள், பேரன்கள், அவர்கள் வாங்கிய பட்டங்கள், சிலவற்றில் அவர்கள் வேலை பார்க்கும் நாடு. படுத்திருப்பவரைப் பற்றிய வரிகளைவிட நட்டவர்களைப் பற்றிய வரிகள் கூடுதலாக இருப்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அவர் என்ன பயிர் வைத்தார், யாரிடம் கடன்பட்டார், எந்த ஊரிலிருந்து எதற்காக இங்கே வந்து சேர்ந்தார், எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார் என்பவற்றில் ஒன்றுகூட அந்தப் பலகையில் இல்லை.

குடும்ப வரலாறு எழுதும் ஆசை அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. எண்பதாம் கல்யாணத்துக்கு வம்சாவளி மரத்தை அச்சடித்துத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்தத் தேடல்கள் பெரும்பாலும் ஊர்ப்புறத்துச் சமாதியிலிருந்துதான் தொடங்குகின்றன. பாட்டனின் பாட்டன் அங்கே இருக்கிறார், அங்கே போனால் அவர் கிடைப்பார் என்பது அதன் பின்னாலுள்ள நம்பிக்கை. தொடங்கும் இடத்தில் எனக்குச் சண்டையில்லை. கேட்கும் கேள்வியில்தான் பிசகு இருக்கிறது. குடும்பத்தின் பழைய இடுகாடு முன்னோரைப் பற்றிய சாட்சி அன்று. அதைக் கட்டியவர்கள், காத்தவர்கள், கைவிட்டவர்கள் ஆகிய வாரிசுகளைப் பற்றிய சாட்சி. குறிப்பாக, அவர்களுக்கு நிலத்தோடு இருந்த உறவைப் பற்றிய சாட்சி. அப்படி எடுத்துக்கொண்டால்தான் முன்னோரின் வாழ்க்கையை எழுதுவதற்கும் ஒரு வழி கிடைக்கும் என்பது என் கட்சி.

இதை மறுக்க முதலில் நினைவுக்கு வரக்கூடிய இடம் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் 114 ஏக்கர் பரப்பில் விரிந்த தாழிக்காடு. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலன்களும் இரும்பு ஆயுதங்களும் கிடைத்தன. 2004-05இல் நடந்த அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. எலும்பு பேசாதா என்று கேட்கலாம். பேசும். வயது, ஆணா பெண்ணா, பல்லின் தேய்மானம், உடம்பைத் தின்ற நோய் எல்லாவற்றையும் சொல்லும். ஆனால் அது சொல்வது ஒரு மக்கள்திரளின் உடல்நிலை. ஒருவரின் வாழ்க்கை அன்று. எந்தக் குடும்பமும் இன்ன தாழி எங்கள் பாட்டனுடையது என்று அங்கே போய் உரிமை கொண்டாட முடியாது. தாழிக்குள் நெல்லும் இரும்பும் பொன்னும் வைத்தவர்கள் யார், அவர்களால் என்ன முடிந்தது, எதைப் பிரிய மனமிருந்தது என்பதைத்தான் அந்தப் பண்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. பொன்பட்டம் கட்டிய மண்டைக்கும் கட்டாத மண்டைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவரவர் சுற்றத்தாரின் வித்தியாசம்.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் காதை இந்த விஷயத்தில் வியப்பூட்டும் அளவுக்குக் கறாரானது. புகாரின் சுடுகாட்டை வருணிக்க வந்த இடத்தில் எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், பள்ளத்தில் அடைப்பவர், தாழியால் மூடுபவர் என்று ஐந்து வழக்கங்களையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, அங்கே நிற்கும் செங்கல் கட்டடங்களுக்கு வருகிறது. துறவிகளுக்கும் அரசர்களுக்கும் உடன்கட்டை ஏறிய பெண்களுக்கும் எழுந்தவை அவை. வருணத்துக்கு வருணம் வேறுபட்டவை. குட்டையும் நெட்டையுமாகக் குன்றுபோல் நிற்பவை. இறந்தவர்களுக்கு வேண்டியவர்கள் கட்டியவை. கட்டியது யார் என்பதைக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் சொல்லாமல் விடவில்லை. எரிந்தவனுக்கும் தாழியில் போனவனுக்கும் சாவு ஒன்றுதான் என்று கூறுகிற பௌத்தக் காப்பியம், கட்டடத்தின் உயரத்தில் மட்டும் ஏற்றத்தாழ்வைப் பார்த்திருக்கிறது. அந்த உயரம் உள்ளே இருப்பவரால் வந்ததில்லை.

நடுகல்லைக் காட்டி இதை மறுக்கலாம். அது வலுவான மறுப்புத்தான். புள்ளிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்பிராமிக் கற்களில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. பெயரும் ஊரும் சாவின் காரணமும் ஒரே கல்லில். இன்னும் நெருக்கமாகப் பார்க்க எடுத்தனூர்க் கல் இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு என்று கல் தொடங்குகிறது. கருந்தேவகத்தி என்பவன் எருமை மந்தையைக் காக்கப் போய் மடிந்தான். வில்லும் கையுமாக அவன் நிற்க, பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துத் தன் ஆளின் பக்கத்தில் காவல் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அந்தக் கல்லில் எது இருக்கிறது, எது இல்லை என்று எண்ணிப் பார்த்தால் மறுப்பு தளர்ந்துவிடும். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்பது இருக்கிறது. அவன் எந்தத் தலைவனின் ஆள், அந்தத் தலைவன் எந்த வாணகோ அரையனுக்கு உறவு என்பது இருக்கிறது. அவன் மனைவி இல்லை, தாய் இல்லை, வயது இல்லை. ஒரு சண்டையைத் தவிர அவன் வாழ்ந்த எந்த நாளும் இல்லை. அந்தச் சண்டையும் எருமையின் உடைமையாளருக்குப் பயன்பட்டதால் கல்லில் ஏறியது. மந்தையைக் காக்கிறவனுக்குக் கல் உண்டு என்று அடுத்த காவல்காரனுக்குத் தெரிய வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொல்லியல் துறை 1972இல் தொகுத்து நூலாக்கியபோது வெளிப்பட்ட வரிசை நெடுகிலும் இந்த அமைப்புதான்: அரசன், ஆண்டு, தலைவன், அவனுடைய ஆள், பூசல், மரணம். வயிற்றுப்போக்கில் இறந்தவனுக்கும், பிரசவத்தில் போனவளுக்கும், தொண்ணூறு வயதுவரை மாடு மேய்த்துத் திண்ணையில் கண்மூடியவனுக்கும் அங்கே கல் கிடையாது.

அரச குடும்பத்தில் இந்த உண்மை ஒளிவுமறைவே இல்லாமல் நிற்கிறது. சோழர் பள்ளிப்படைகளில் எனக்கு மிகவும் பாடம் சொல்வது மேல்பாடிக் கோயில். வட ஆர்க்காட்டில் பொன்னையாற்றங்கரையில் உள்ள ஊர். அங்கே அரிஞ்சிகை ஈசுவரம் என்ற கோயிலை முதலாம் ராஜராஜன் கட்டினான்; ஆற்றூரில் துஞ்சின தேவருக்கு எடுப்பித்த பள்ளிப்படை என்று அதன் கல்வெட்டு கூறுகிறது. துஞ்சியவர் அரிஞ்சயன், ராஜராஜனின் பாட்டன், சில காலமே ஆண்டவன். அவன் இறந்ததற்கும் ராஜராஜன் அரியணை ஏறிய 985க்கும் இடையில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் ஆண்ட மகன் சுந்தர சோழன் எழுப்பாத நினைவுச் சின்னத்தைப் பேரன் ஏன் எழுப்பினான்? பாசம் என்று சொல்லலாம்.  அந்த ஊர் அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்று பார்த்தால் வேறு விடை வரும். 949இல் தக்கோலத்தில் சோழப்படை தோற்றது. அரிஞ்சயனின் அண்ணன் ராஜாதித்தன் யானைமேலேயே கொல்லப்பட்டான். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. வென்ற ராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் 959இல் வெளியிட்ட கர்காட் செப்பேடு, அவன் பாசறையடித்துத் தங்கித் தென்னாட்டு நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொண்டிருந்த ஊரின் பெயரைச் சொல்கிறது: மேல்பாடி. ஆக, பகைவன் கூடாரமடித்து நிலத்தைப் பங்கு போட்ட ஊரில் பாட்டனுக்குப் பள்ளிப்படை எழுந்திருக்கிறது. ஊருக்கே ராஜாச்ரயபுரம் என்று தன் பட்டப்பெயர்களில் ஒன்றைச் சூட்டிக்கொண்டான் பேரன். அரிஞ்சயன் எப்படி ஆண்டான், எதற்கு அஞ்சினான், தோல்விக்குப் பிந்திய அந்த மங்கிய ஆண்டுகளில் சோழநாட்டை எப்படி ஒப்பேற்றினான் என்பதில் ஒரு சொல்கூட அந்தக் கோயில் சொல்லவில்லை. நிலம் திரும்பி வந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. கிணற்றுமேட்டில் பாகம் பிரிந்த அண்ணன்தம்பிகள் எழுப்பும் சமாதியின் தர்க்கம் இதிலிருந்து அளவில்தான் வேறுபடுகிறது.

அப்படியானால் சாதாரணமாக இறந்த சாதாரண முன்னோரை இந்தச் சமூகம் என்ன செய்தது? இதற்கு விடை கல்லில் இல்லை, சடங்கில் இருக்கிறது. பல சாதிகளில் கருமாதியன்று குளத்தங்கரையில் செங்கல்லோ கருங்கல்லோ ஊன்றி, அதை இறந்தவராகவே பாவித்துக் குளிப்பாட்டி, துணி சாத்தி, படையலிட்டு, எல்லாம் முடிந்ததும் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் முறையில் காட்சி, கால்கோள், நீர்ப்படை முடிந்த பிறகுதான் நடுதல். கல் தண்ணீரிலிருந்து ஏறி மண்ணில் நிலைக்கிறது. கருமாதிக் கல் மண்ணிலிருந்து இறங்கித் தண்ணீரில் மறைகிறது. வீரனுக்கு நிலைக்கிற கல், மற்றவர்களுக்குப் பதினாறு நாள் கல். திதி கொடுக்கும் வழக்கத்திலும் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்லிப் பிண்டம். புதிதாக ஒருவர் வரிசையில் சேரும்போது மூத்தவர் ஒருவர் பெயரற்ற கூட்டத்துக்குள் நகர்ந்துவிடுகிறார். ஊர்ப்பொது மயானத்தில் குழிக்குமேல் குழி வெட்டுவதும் இதே கணக்கில்தான். வெட்டும்போது பழைய எலும்பு தட்டுப்பட்டால் வெட்டியான் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். எந்த வீட்டாரும் அதற்காகச் சண்டைக்குப் போனதில்லை. கல் நிலைக்காவிட்டாலும் பெயர் நிலைத்தது, பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்ததால். இதை மறதி என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. தவணை வைத்த நினைவு என்று சொல்வதே பொருத்தம். எல்லோரையும் எல்லாக் காலத்துக்கும் நினைவு வைத்துக்கொள்ள விளைநிலம் போதாது என்று அந்த உழவர் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது.

பெண்களின் கணக்கு இதிலும் தனி. பிறந்த வீட்டு வம்சாவளியில் மகளுக்குக் கிளை கிடையாது. புகுந்த வீட்டில் அவள் இன்னார் சம்சாரம். அகாலமாக இறந்தால் மட்டும் அவள் வீட்டுத் தெய்வமாகிறாள். வடமாவட்டங்களில் பூவாடைக்காரி, தென்மாவட்டங்களில் கன்னி. ஓலைப்பெட்டிக்குள் ஒரு சிறு சேலை, ரவிக்கைத் துண்டு, கண்ணாடி வளையல், கருகமணி. பொங்கலுக்கோ ஆடியிலோ பெட்டியை இறக்கிப் பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துப் படைத்து மறுபடி மச்சில் ஏற்றுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேலையின் நீளம் மாறாமல் பார்த்துக்கொள்கிற வீட்டில்கூட அவள் பெயர் என்ன, எப்படிப் போனாள் என்று கேட்டால் பதில் வராது, ‘கன்னியம்மா’ என்பார்கள். பத்து வயதிலேயே நின்றுவிட்டவள் என்பதை அந்தச் சேலையின் அளவு சொல்கிறது, அவ்வளவுதான். குடும்ப இடுகாட்டை வைத்து வம்சம் எழுதப் புறப்படுகிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. அங்கே இல்லாதவர்கள் யார் என்ற பட்டியல், இருப்பவர்களின் பட்டியலைவிட நீளம்.

கான்கிரீட் சமாதி தோட்டத்துக்குள் வந்தது எப்போது என்பதற்கு ஊருக்கு ஊர் தேதி வேறு. சமாதி வைக்கும் வழக்கம் சில சாதிகளுக்கும் மடங்களுக்கும் சித்தர் மரபுகளுக்கும் முன்பே உண்டு; உட்கார வைத்துப் புதைக்கும் வீரசைவரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நான் பேசுவது அந்த மரபு இல்லாத குடும்பங்கள் பொது மயானத்தை விட்டு சொந்த நிலத்துக்குள் வந்ததைப் பற்றி. இதற்குச் சிமெண்டு மலிந்ததும் வெளியூர்ச் சம்பளம் வந்ததும் காரணங்கள். அவற்றைவிடப் பெரிய காரணம் பட்டா. 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த யூடிஆர் என்னும் நில ஆவண மேம்பாட்டில் பழைய சர்வே எண்கள் உட்பிரிவாகி, கூட்டுப் பட்டா தனிப் பட்டாவாகி, யாருக்கு எது என்பது காகிதத்தில் கெட்டியானது. கெட்டியாகாமல் விடுபட்ட இடங்களும் அதே அளவுக்கு. அனுபவத்தில் ஒருவர், பட்டாவில் இன்னொருவர் என்ற வழக்குகள் அந்த வேலையிலிருந்து பிறந்தவை. இன்னும் வட்டாட்சியர் அலுவலக வராந்தாக்களில் அலைகின்றன. இந்தச் சூழலில் நிலத்தில் ஒரு பிணம் இருப்பது வெறும் உணர்ச்சி விஷயமில்லை. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் சமாதியிருக்கும் இரண்டொரு சென்டைப் பொதுவில் விட்டு, அதற்குப் போகும் நடைபாதைக்கு எல்லா நபருக்கும் பாத்தியம் என்று எழுதுகிறார்கள். பாதை என்ற ஒரு சொல்லுக்காகவே சமாதியை அப்படியே வைத்திருக்கும் பங்காளிகள் உண்டு. எங்கே புதைக்கிறார்கள் என்று பாருங்கள்: வரப்பில், சாலைமுகத்தில், சண்டையிலிருக்கும் மூலையில். பாட்டனுக்குப் பிடித்த வேம்பின் அடியில் புதைப்பதாக இருந்தால் அது நிலத்தின் நடுவிலும் இருந்திருக்கலாமே.

சட்டம் இதை முழுவதும் அனுமதிக்கவும் இல்லை. ஊராட்சிகளில் இடுகாடு, சுடுகாடு பற்றிய 1999ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் உரிமம் இல்லாத இடத்தில் அடக்கம் செய்யக் கூடாது என்கின்றன. 90 மீட்டருக்கு அப்பால் என்றால் சொந்த நிலத்தில் புதைத்துக்கொள்ளலாமா என்பதில் நீதிமன்றத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு, ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று கூறிவிட்டது. ஊரில் இந்தத் தீர்ப்பு பங்காளிச் சண்டையில்தான் நினைவுக்கு வரும்.

இவ்வளவு சந்தேகம் தேவையா, பெற்றவர்மேல் உள்ள அன்பில் கட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்பது நியாயம். அன்பை நான் மறுக்கவில்லை. நிலமற்றவருக்கும் அதே அன்பு உண்டு, சமாதி மட்டும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றை வைத்து ஒருவரிடம் மட்டும் இருக்கும் ஒன்றை விளக்க முடியாது. இதைவிடக் கனமான மறுப்பு தலித் ஊர்களிலிருந்து வருகிறது. ஊருக்கு இரண்டு மயானம் என்பதும், ஒன்றுக்குப் பாதை இருக்கும், மற்றதற்கு இருக்காது என்பதும் தமிழ் வாசகருக்குப் புதிதில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே, தனியார் நிலத்தின் வழியே போக விடாததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். காட்சி பரவியது, உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இப்படிப் பட்டவர்கள் தங்கள் ஒரே துண்டு நிலத்தில் தகப்பனைப் புதைத்து மேடை கட்டினால், அதுவும் வெறும் நில உரிமைப் பேச்சுத்தானா என்று கேட்பார்கள். ஆமாம், அதுவும் நில உரிமைப் பேச்சுத்தான். அங்கே அது முழு நியாயத்தோடு பேசப்படுகிறது. சமாதி நிலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்வது அதைக் கொச்சைப்படுத்துவதாகாது. யாருடைய நிலம், யாரால் மறுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தப் பேச்சு ஆணவமாகவும் இருக்கலாம், முறையீடாகவும் இருக்கலாம். இரண்டையும் அன்பு என்ற ஒரே சொல்லில் போர்த்தினால் இரண்டாவதுதான் அடிபடும்.

முன்னோரின் வாழ்க்கை வேறெங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். அது அழகில்லாத காகிதங்களில் இருக்கிறது. ஒத்திப் பத்திரத்தில், எந்த ஆண்டு எந்த மாதத்தில், எவ்வளவு தொகைக்கு, எந்த வயலை யாரிடம் வைத்தார் என்பது இருக்கும். அந்த மாதம் மகள் கல்யாணத்துக்கு முன்னால் விழுகிறதா, மழை பொய்த்த ஆண்டில் விழுகிறதா என்று பொருத்திப் பார்த்தால் ஒரு மனிதர் கலங்கி நின்ற நாள் ஒன்று தெரியவரும். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எந்தப் பசலியில் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பது வரும். கம்பு போய்க் கடலை வந்ததும், கடலை போய்த் தரிசு என்று விழுந்ததும் வரும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டில் ஒரு குடும்பத்தின் பெயர் திடீரென நின்றுபோகும். இடம்பெயர்ந்திருக்க வேண்டும், அல்லது பங்காளிகள் ஒதுக்கியிருக்க வேண்டும். இவற்றில் குறையில்லாமல் இல்லை. நிலம் இல்லாதவர் பட்டாவில் வரமாட்டார். எழுதத் தெரியாதவரின் பத்திரம் எழுதியவரின் வாய்மொழியில்தான் இருக்கும். அடங்கலை வயலுக்கே போகாமல் எழுதியவர்களும் உண்டு. ஆனாலும் இந்தக் காகிதங்கள் முன்னோரை மெச்சுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அவர் உயிரோடு, கையில் மண்ணோடு, கடனாளியாகவோ கடன் கொடுத்தவராகவோ இருந்தபோது எழுதப்பட்டவை. சமாதியைப் போல அவர் போன பிறகு, அவரால் மறுத்துச் சொல்ல முடியாத நிலையில் எழுதப்பட்டவை அல்ல.

இந்தக் காகிதங்களில் ஒன்று சமாதியோடே சேர்ந்து வருகிறது. நகரம் நெருங்கிய ஊர்களில் தோட்டம் மனையாகிறது. வாங்க வருகிற புரோக்கர் முதலில் கேட்பது சமாதியைப் பற்றித்தான். மனை வாங்குகிறவர்கள் பிணம் இருக்கும் வரிசையை எடுக்க மாட்டார்கள். சில குடும்பங்கள் அந்த இரண்டு சென்டை விட்டுவிட்டு விற்கின்றன, சில குடும்பங்கள் ஜேசிபி வைத்துப் பெயர்த்து எலும்பைச் சட்டியில் எடுத்துப் பொது மயானத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகின்றன. பெயர்க்கும் அன்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவதோடு சரி. விற்கிற பத்திரத்தில் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்த பிறகு, வாங்குகிறவரின் வக்கீல் மகள்களை விட்டுவிட ஒப்புவதில்லை. செத்துப்போன அத்தைக்கு அவள் பிள்ளைகள், கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் தங்கைக்கு ஆதார் நகல், எங்கேயோ போய்விட்ட சித்தப்பா மகளுக்கு அதிகாரப் பத்திரம் என்று தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். எண்பதாம் கல்யாணத்து வம்சாவளி மரத்தில் கிளையில்லாத பெண்கள் அத்தனை பேரும், தகப்பன் பெயரோடும் புருஷன் பெயரோடும் வயதோடும் வசிக்கும் ஊரோடும், கைநாட்டோ கையெழுத்தோ வைத்து, நான்கைந்து பக்க நீளத்துக்கு அதில் வரிசையாக வருகிறார்கள். பல குடும்பங்களில் அவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் எழுதிய முதல் காகிதம் அதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். சர்வே எண் தெரிந்திருந்தால் போதும்.